பிப்ரவரி ஸ்பித்தியில் வண்டிக்குள் தூங்கலாமா?

கேள்வியை ஒருமுறை சுருக்கிக்கொள்கிறேன். பிப்ரவரியில் கோவையிலிருந்து டீசல் எஸ்.யூ.வி.யில் மனைவி, எட்டு வயது மகனோடு சிம்லா, கின்னௌர் வழியாக இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பித்தி பள்ளத்தாக்குக்குப் போகிறீர்கள். பின் சீட்டை மடித்துப் படுக்கை போட்டாயிற்று. இரவில் குளிர் தாங்க கேஸ் ஹீட்டர் வாங்கலாமா, 12 வோல்ட் ஹீட்டர் வாங்கலாமா, இல்லை இன்ஜினை ஓடவிட்டு வண்டியின் ஹீட்டரையே போட்டுக்கொண்டு தூங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்டது ஹீட்டர்தான். ஆனால் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, மைனஸ் 20-இல் ஒரு தகரப் பெட்டிக்குள் மூன்று பேர் படுத்தால் காலையில் மூன்று பேரும் எழுந்திருப்பார்களா, வண்டியும் எழுந்திருக்குமா என்பது. அதற்குத்தான் இந்தப் பதில்.

நான் ராணுவத்தில் வண்டி மெக்கானிக்காக இருந்தவன். லடாக்கில் இரண்டு முழு குளிர்காலம் ஓட்டியிருக்கிறேன். ஓய்வுக்குப் பிறகு ஊரில் ஒர்க்ஷாப், அப்புறம் சில வருடங்களாக நம்ம ஊர்க்காரர்களோடு ஸ்பித்திக்குக் குளிர்காலத்தில் போய் வருகிறேன். வண்டி பற்றி நான் சொல்வதைத் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். உடம்பு பற்றிச் சொல்வதை உங்கள் டாக்டரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

முதலில் நேரடிப் பதில். நீங்கள் சொன்ன மூன்றில் எதுவும் வேண்டாம். 12 வோல்ட் ஹீட்டரைக் கணக்கே கழித்துவிடும். 150 வாட் ஹீட்டர் பன்னிரண்டரை ஆம்பியர் இழுக்கும். உங்கள் பேட்டரி 60 ஆம்பியர்-ஹவர் என்றால் ஐந்து மணி நேரம்கூடத் தாங்காது, குளிரில் இன்னும் குறைவு. 150 வாட்டில் உங்கள் கண்ணாடியில் ஒரு உள்ளங்கை அளவு பனி உருகும், காலையில் வண்டி செல்ஃப் எடுக்காது. கேஸ் ஹீட்டர், சிக்ரி என்னும் கணப்புச்சட்டி, கரி அடுப்பு ஆகியவற்றைப் பற்றி விவாதிக்கவே நான் தயாரில்லை. மூடிய இடத்தில் எரியும் எதுவும் கார்பன் மோனாக்சைடு விடும். வாசனை கிடையாது, கண்ணுக்குத் தெரியாது, ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும்.

இன்ஜினை ஓடவிட்டுத் தூங்குவதும் அதே கதைதான். 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் முர்ரீயில் பனிப்புயலில் சாலையிலேயே மாட்டிக்கொண்டவர்களில் 22 பேராவது வண்டிகளுக்குள் இறந்தார்கள், அதில் குழந்தைகளும் உண்டு. குளிரில் விறைத்தவர்கள் மட்டுமில்லை, ஹீட்டருக்காக இன்ஜினை ஓடவிட்டு புகையால் போனவர்களும் இருந்தார்கள் என்றுதான் செய்திகள் வந்தன. பனி சைலன்சர் வாயை அடைத்தால் புகைக்கு வேறு வழி வேண்டும். அடியில் தேங்கி, தரையில் இருக்கும் சின்னச் சின்ன ஓட்டைகள் வழியாக உள்ளே ஏறும்.

மலைக்கு மேல் இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது, இதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. தலைவலி, குமட்டல், அசதி, மந்தம். இவை கார்பன் மோனாக்சைடின் ஆரம்ப அறிகுறிகள். உயரத்தால் வரும் மலைநோய்க்கும் இதே அறிகுறிகள்தான். ஸ்பித்தியின் பெரிய ஊரான காசாவில் இரவு பத்து மணிக்குத் தலை வலித்தால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? 'ஹைட்டு ஒத்துக்கலை' என்று ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு படுப்பீர்கள். அதனால் பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கி, தலைமாட்டில் வையுங்கள். ஹோம்ஸ்டேயில் தங்கினாலும் வையுங்கள், அங்கேயும் அறை நடுவில் குளிர்காய புக்காரி என்னும் விறகடுப்பு எரியும். ஹீட்டருக்கு ஒதுக்கிய பணத்தில் இது போக மிச்சமே நிறைய இருக்கும்.

வெளிநாட்டு வீடியோக்களில் வருமே, டீசல் பார்க்கிங் ஹீட்டர், அது வேறு ஜாதி. புகையை வெளியே தள்ளிவிட்டுச் சூடான காற்றை மட்டும் உள்ளே விடும். நல்ல சாமான்தான். ஆனால் உயரம் கூடக்கூடக் காற்று மெலிந்து, டீசல் சரியாக எரியாமல் கரி பிடிக்கும். உயரத்துக்கு ஏற்ப டீசலைக் குறைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்கி, பொருத்தத் தெரிந்தவரிடம் பொருத்த வேண்டும். ஒரு பயணத்துக்காக வண்டித் தரையில் துளை போடுவதை நான் செய்ய மாட்டேன்.

சரி, அப்போ எப்படித்தான் தூங்குவது? வண்டியைச் சூடாக்க நினைக்காதீர்கள், உடம்பின் சூட்டை வெளியே விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வண்டி தடுப்பது காற்றை மட்டும்தான். வெளியே மைனஸ் 18 என்றால் விடியும்போது உள்ளேயும் கிட்டத்தட்ட அதே குளிர். ஸ்லீப்பிங் பேக் வாங்கும்போது அதில் இரண்டு மூன்று எண்கள் போட்டிருப்பார்கள். 'எக்ஸ்ட்ரீம்' என்று இருப்பதை மறந்துவிடுங்கள், அது உயிர் பிழைக்கும் கணக்கு, தூங்கும் கணக்கு இல்லை. 'கம்ஃபர்ட்' எண்ணைப் பாருங்கள். மைனஸ் 10 கம்ஃபர்ட் பேக், உள்ளே ஒரு ஃப்ளீஸ் லைனர், மேலே காசாவிலேயே கிடைக்கும் கனமான ரஜாய் (பஞ்சு வைத்துத் தைத்த போர்வை), இது போதும். மேலே எவ்வளவு போட்டாலும் கீழே போடாவிட்டால் வீண். உடம்பு அழுத்தும் இடத்தில் பஞ்சு நசுங்கிப் போகும், குளிர் தரையிலிருந்துதான் ஏறும். நீர் உறிஞ்சாத, அடர்த்தியான ஃபோம் பாய் இரண்டு அடுக்கு போடுங்கள். காற்றடைக்கும் சாதாரண மெத்தை வேண்டாம், உள்ளே இருக்கும் காற்றே ஐஸாகிப் படுத்தும். படுக்கும் முன் நல்ல மூடியுள்ள பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, ஒரு சாக்ஸுக்குள் போட்டு, தொடை இடுக்கில் வைத்துக்கொள்ளுங்கள். விடியும்வரை இளஞ்சூடு இருக்கும், காலையில் உறையாத குடிதண்ணீரும் ஆச்சு.

ஜன்னலை இறுக மூடாதீர்கள். இது எல்லாரும் செய்யும் தப்பு, நானும் செய்தேன். கின்னௌரில் உள்ள நாக்கோ என்ற ஊரில் ஒரு ஜனவரி இரவு நானும் நண்பரும் சூடு போய்விடக் கூடாதென்று எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டுப் படுத்தோம். விடியற்காலை நான்கு மணி இருக்கும், முகத்தில் ரவை கொட்டுகிற மாதிரி இருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் கூரை முழுக்க வெள்ளை. எங்கள் மூச்சுக்காற்றின் ஈரம்தான் கூரையில் உறைந்து, நண்பர் புரண்டு படுத்த ஆட்டத்தில் உதிர்ந்துகொண்டிருந்தது. அதைவிட மோசம், ஸ்லீப்பிங் பேக்கின் மேல்பக்கம் ஈரமாகிவிட்டது. பேக்குக்குள் அடைத்திருக்கும் இறகு ஈரமானால் குளிர் தாங்காது. அடுத்த இரவு காற்று அடிக்காத பக்கமாக இரண்டு ஜன்னலை விரலளவு திறந்து வைத்தோம். வண்டிக்குள் இன்னும் குளிர்தான், ஆனால் காய்ந்த குளிர், நன்றாகத் தூங்கினோம். தலையை பேக்குக்குள் இழுத்துக்கொண்டு மூச்சு விடாதீர்கள், அந்த ஈரமும் உள்ளேயே தங்கும். தலைக்குக் குல்லா போடுங்கள்.

இனி வண்டி. இதில்தான் தெற்கிலிருந்து போகிறவர்கள் அதிகம் மாட்டுகிறார்கள். மார்கழியில் வீட்டுத் தேங்காய் எண்ணெய் பாட்டில் உறைந்து, மேலே குச்சி விட்டு நோண்டுவோமே, டீசலுக்கும் அதேதான் நடக்கும். டீசலில் இயற்கையாகவே மெழுகு இருக்கிறது. குளிரில் அது துகளாகப் பிரிந்து ஃபில்டரை அடைக்கும். டேங்கில் டீசல் இருக்கும், இன்ஜினுக்குப் போகாது. நம் நாட்டுத் தர நிர்ணயத்தில் ஃபில்டர் அடைபடும் வெப்பநிலைக்கு உச்ச வரம்பு உண்டு. குளிர்கால டீசலுக்கு 6 டிகிரி, மற்ற மாதங்களுக்கு 18 டிகிரி. பல டீசல்கள் இதைவிட நன்றாகவே தாங்கும், ஆனால் மைனஸ் 15-க்கு யாரும் உத்தரவாதம் கொடுக்கவில்லை. 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் லடாக்குக்கென்று மைனஸ் 33 வரை உறையாத டீசல் கொண்டுவந்ததே இந்தத் தொல்லையால்தான்.

ஆகவே சமவெளி டீசலோடு மேலே ஏறாதீர்கள். சிம்லா தாண்டி வரும் ராம்பூர் போவதற்குள் டேங்க் கால்வாசிக்கு வந்திருக்கட்டும், அங்கிருந்து மேலே மலைப் பங்க்குகளில் நிரப்பிக்கொள்ளுங்கள். ரெக்காங் பியோவுக்குக் கீழே பொவாரியில் ஃபுல் செய்துவிடுங்கள். அதை விட்டால் காசாதான், இடையில் 200 கிலோமீட்டர் அளவு. மேலே ஏறிய பிறகு டேங்கைப் பாதிக்குக் கீழே விடாதீர்கள். ஃபில்டரைக் கிளம்பும் முன் புதிதாக மாற்றுங்கள், ஒரு ஃபில்டர் கையிலும் வையுங்கள். தண்ணீர் கலந்த பழைய ஃபில்டர்தான் முதலில் உறையும்.

மண்ணெண்ணெய் கலக்கச் சொல்வார்கள். பழைய வண்டிகளுக்கு நாங்களே கலந்திருக்கிறோம், வேலை செய்யும் என்பதில் சந்தேகமில்லை. பி.எஸ்.6 என்ற புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டியில் செய்யாதீர்கள். அந்த ஹை பிரஷர் பம்ப்புக்கு டீசல்தான் மசகு, மண்ணெண்ணெயில் அந்த வழவழப்பு இல்லை. அதில் இருக்கும் கந்தகம் வேறு பின்னால் இருக்கும் புகை ஃபில்டர்களைப் பாழாக்கும். டீசல் உறையாமல் இருக்க ஊற்றும் மருந்து ஆன்லைனில் கிடைக்கிறது. நானும் எடுத்துப் போகிறேன், ஆனால் அதை நம்பி ஒரு இரவும் வண்டியை நிறுத்துவதில்லை. எந்த டீசலில் எவ்வளவு வேலை செய்யும் என்பது டீசலைப் பொறுத்தது. மெழுகு பிரிந்த பிறகு ஊற்றினால் பயன் இல்லை என்பது மட்டும் நிச்சயம். புகையைச் சுத்தப்படுத்தும் ஆட்ப்ளூ திரவத்துக்குத் தனி டேங்க் உள்ள வண்டி என்றால் அந்தத் திரவம் மைனஸ் 11-இல் உறையும், உறைந்தால் பெருக்கும், கழுத்துவரை நிரப்பாதீர்கள்.

அடுத்தது கூலன்ட். என் ஒர்க்ஷாப்புக்கு வரும் வண்டிகளில் பாதிக்கு மேல் ரேடியேட்டரில் இருப்பது கலர் தண்ணீர். வெயில் காலத்தில் அளவு குறையும்போதெல்லாம் பாட்டில் தண்ணீரை ஊற்றி ஊற்றி அப்படி ஆகியிருக்கும். நம்ம ஊரில் அது பெரிய குற்றமில்லை. காசாவில் ஒரே இரவில் அது உறைந்து 9 சதவீதம் பெருத்து, ரேடியேட்டரையோ இன்ஜின் பிளாக்கையோ பிளக்கும். முழுக்க இறக்கிவிட்டு, எத்திலீன் கிளைக்காலும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி ஊற்றச் சொல்லுங்கள், மைனஸ் 37 வரை தாங்கும். தண்ணீர் கலக்காமல் ஊற்றினால் இன்னும் நல்லது என்று நினைக்காதீர்கள், தனிக் கிளைக்கால் மைனஸ் 13 வாக்கிலேயே உறைந்துவிடும். கண்ணாடி கழுவும் டப்பாவில் இருக்கும் தண்ணீரையும் காலி செய்துவிடுங்கள்.

பேட்டரி மூன்று வருடம் தாண்டியிருந்தால் கிளம்பும் முன் மாற்றுங்கள். குளிரில் அதன் பலம் பாதிக்கும் கீழே போகும், அதே நேரம் தடித்த ஆயிலைச் சுற்ற இரண்டு மடங்கு பலம் வேண்டும். நிறைய சார்ஜ் இருக்கும் பேட்டரி மைனஸ் 50-இலும் உறையாது, காலியான பேட்டரி மைனஸ் 10-க்குள்ளேயே உறைந்து வெடிப்பு விடும். இன்ஜின் ஆயில் டப்பாவில் முதல் எண்ணைப் பாருங்கள், அது குறைந்தால் ஆயில் குளிரில் நன்றாக இளகி ஓடும். 15W போட்டிருந்தால், வண்டிக் கையேடு அனுமதித்தால் 5W-க்கு மாறுங்கள்.

லடாக்கில் விடிகாலை லாரி டிரைவர்கள் இன்ஜின் ஆயில் தேங்கும் சம்புக்கு அடியில் ஸ்டவ்வைப் பற்றவைத்து வைப்பார்கள். அரை மணி நேரம் நீல நெருப்பு எரியும், ஆயில் இளகும், வண்டி உறுமிக்கொண்டு கிளம்பும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். நீங்கள் செய்யாதீர்கள், உங்கள் வண்டிக்கு அடியில் முழுக்க பிளாஸ்டிக். அதற்குப் பதில் இரவு வண்டியை ஏதாவது சுவரை ஒட்டி, பானெட்டில் காலை வெயில் படும்படி கிழக்கே பார்த்து நிறுத்துங்கள். பானெட் மேல் பழைய ரஜாய் ஒன்றைப் போடுங்கள், கிளம்பும்போது எடுக்க மறக்காதீர்கள். காலையில் ஆறு மணிக்குச் செல்ஃப் அடித்துப் பேட்டரியைக் கொல்லாமல், வெயில் ஏறி ஒன்பதரைக்கு அடியுங்கள். ஹீட்டர் பிளக் விளக்கு இரண்டு முறை வந்து அணையட்டும், பிறகு செல்ஃப் பத்து விநாடி, நடுவே ஒரு நிமிடம் ஓய்வு. ராத்திரி ஹேண்ட் பிரேக் போடாதீர்கள், ஈரம் உறைந்து பிடித்துக்கொள்ளும். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். கண்ணாடியில் பனி என்றால் வெந்நீர் ஊற்றாதீர்கள், கண்ணாடி விரியும்.

டயர் காற்றைப் பற்றி ஒரு வேடிக்கை. குளிர் காற்றழுத்தத்தைக் குறைக்கும், உயரம் கேஜில் காட்டும் அழுத்தத்தைக் கூட்டும். கோவையில் 33 பி.எஸ்.ஐ. அடித்த டயர் காசாவில் மைனஸ் 15-இல் ஏறக்குறைய 31 காட்டும், ஒன்றை ஒன்று தின்றுவிடும். நடுவில் பதறிப்போய்க் காற்றை இறக்கிவிட்டு, கீழே வந்ததும் டயர் தொங்குகிறதே என்று திண்டாடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஓட்டுவதில் நீங்கள் பயப்பட வேண்டியது வெள்ளையாகத் தெரியும் பனிக்கு இல்லை. சாலை ஈரமாக, கறுப்பாக மினுங்கினால் அங்கேதான் ஆபத்து. பகலில் சாலையைக் கடந்து ஓடும் ஓடை நீர் சாயங்காலம் கண்ணாடி மாதிரி உறைந்துவிடும். வெயில் படாத வளைவுகளில் நாள் முழுக்க அப்படியே கிடக்கும். காலை பத்திலிருந்து மதியம் மூன்று வரைதான் உங்கள் நேரம். அதற்குள் 100 கிலோமீட்டர் ஓட்டினால் போதும். இறக்கத்தில் முதல் அல்லது இரண்டாம் கியர், பிரேக்கைத் தொடாமல் மெதுவாக இறங்குங்கள். வழுக்கும் ஒரு இடத்தில் வண்டியை நிறுத்தி, இறங்கி, காலால் தேய்த்துப் பார்ப்பதில் வெட்கமே இல்லை. நான் இன்றைக்கும் செய்கிறேன், ஒருமுறை குப்புற விழுந்தும் இருக்கிறேன். மாட்டிக்கொண்டால் வண்டியை விட்டு நடந்து போகாதீர்கள். இன்ஜினை மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் ஓட்டுங்கள், ஒவ்வொரு முறையும் முதலில் இறங்கிச் சைலன்சர் வாயில் பனியை மண்வெட்டியால் ஒதுக்கிவிட்டு, ஜன்னலை விரலளவு திறந்துவிட்டு. வெளிநாட்டு வீடியோக்கள் சொல்லும் சாட்டிலைட் மெசேஜ் கருவியை இங்கே கொண்டு வராதீர்கள். நம் நாட்டில் அனுமதி இல்லாமல் வைத்திருப்பது குற்றம், பிடிபட்டவர்கள் உண்டு. பதிலுக்கு ஒவ்வொரு ஊரிலும் கிளம்பும்போது ஹோம்ஸ்டேக்காரரிடம் எங்கே போகிறோம், எத்தனை மணிக்குச் சேருவோம் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

மகனைப் பற்றி என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். காசா 3,700 மீட்டர் வாக்கில் இருக்கிறது, அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கை எட்டாது. கின்னௌரில் உள்ள கல்பாவில் இரண்டு இரவு, ஸ்பித்தியில் உள்ள தாபோவில் ஒன்று அல்லது இரண்டு, பிறகு காசா என்று ஏறுங்கள். கல்பா 2,960, தாபோ 3,280, ஏற்றம் மெதுவாக இருக்கும். அந்த இரவுகளை ஹோம்ஸ்டேயில் கழியுங்கள். வண்டிப் படுக்கை, சாலை அடைத்துக்கொண்டால் உதவுவதற்காக இருக்கட்டும். ஆசைக்கு வண்டியில் தூங்கத்தான் வேண்டுமென்றால் கின்னௌரின் கீழ்ப்பகுதியில் ஒரு இரவு தூங்குங்கள். எட்டு வயதுப் பையன் தலை வலிக்கிறது என்று சொல்லத் தெரிந்தவன்தான், ஆனால் நடு ராத்திரி மைனஸ் 18-இல் அது உயரமா, குளிரா, புகையா என்று பிரித்துப் பார்க்க உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. மலைநோய்க்குக் கொடுக்கும் டயமாக்ஸ் மாத்திரை பற்றி டாக்டரிடம் கேளுங்கள், சல்ஃபா மருந்துகளுக்கு ஒவ்வாமை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நடக்கும்போது தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ கீழே இறங்க வேண்டியதுதான்.

சமையல் சுருக்கமாக: பியூட்டேன் மட்டும் உள்ள கேன் அடுப்பு பூஜ்யத்துக்குக் கீழே எரியாது, புரொப்பேன் கலந்ததை வாங்குங்கள், வெளியே வைத்துச் சமையுங்கள். லைட்டரும் அதே காரணத்தால் ஏமாற்றும், சட்டைப்பையில் ஒரு தீப்பெட்டி இருக்கட்டும். தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால் குக்கர் இல்லாமல் சோறு வேகாது. குடிதண்ணீர் பாட்டில்களைத் தலைகீழாக வையுங்கள், ஐஸ் மேல்பக்கம்தான் முதலில் கட்டும், வாய்ப்பக்கம் திறந்திருக்கும்.

கடைசியாக ஸ்நோ செயின். உங்கள் டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் அளவைப் பார்த்து அதற்கேற்ற ஜோடியை வாங்குங்கள். உங்களுடையது முன்சக்கர வண்டி என்றால் முன்னால்தான் மாட்ட வேண்டும், ஃபோர் வீல் என்றால் கையேடு சொல்லும் சக்கரத்தில். மாட்டிய பிறகு 30-ஐத் தாண்டாதீர்கள், பனி முடிந்ததும் கழற்றிவிடுங்கள். கிளம்பும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு போர்ட்டிகோவில் இரண்டு கையிலும் தடித்த கிளவுஸ் போட்டுக்கொண்டு நான்கு முறை மாட்டிக் கழற்றுங்கள், நான்காவது முறை விளக்கை அணைத்துவிட்டு. பக்கத்து வீட்டுக்காரர் சிரிப்பார். என் பக்கத்து வீட்டுக்காரர் வீடியோவே எடுத்தார்.